யெலாங் ராஜாவின் கேள்வி

“உங்க ஊர் பெருசா, எங்க ஊர் பெருசா?”

வேனின் பக்கக் கதவை இன்னும் முழுசாகச் சாத்தியிருக்க மாட்டார்கள். ஏறினவர் பெட்டியை மடியில் வைப்பதா காலடியில் வைப்பதா என்று தடுமாறிக்கொண்டிருப்பார். அதற்குள் வெய் யோங்ஃபா கேட்டுவிடுவார். கேட்கும்போது திரும்பிப் பார்ப்பதில்லை. தலைக்கு மேல் மாட்டிய கண்ணாடியில் மட்டும் ஒரு கண் வந்து நிற்கும், கேட்டது தானில்லை என்பது போல.

அதிவேக ரயில் நிலையம் மலைக்கு அந்தப் பக்கம். பாதாங் ஊர் இந்தப் பக்கம். நடுவே வளைவும் பள்ளமுமாக ஒரு பாதை. அந்தப் பாதையில் வேன் எத்தனை தடவை போய் வருகிறதோ அத்தனை தடவையும் இந்தக் கேள்வி உண்டு. உள்ளூர்க்காரர்களிடம் கேட்பதில்லை. வெளியூர் முகம், வெளியூர்ப் பேச்சு, சக்கரம் வைத்த பெட்டி, இதில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் போதும்.

“எங்க ஊர்ல ஒரு தெருவுல நிக்கற ஜனம் உங்க ஊர் முழுக்க இல்லையே அண்ணே” என்று ஷாங்காய்க்காரர் ஒருவர் சிரித்தார்.

“அத்தனை பேரும் தெருவுல நின்னா வீட்டுல யாருங்க இருக்கா?” என்றார் வெய்.

கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி, “எந்த அளவுல பெருசுன்னு கேக்கறீங்க மாமா?” என்று கேட்டாள். அதற்கும் தயாராகப் பதில் வைத்திருந்தார். “படுக்க வெச்சு அளந்தா உங்க ஊர் பெருசும்மா. நிமித்தி வெச்சு அளந்தா எங்க ஊர்தான்.” அந்தப் பெண் ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தாள். மலையின் உச்சி தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. ஒத்துக்கொண்டாள்.

படித்தவர்களுக்கு விஷயம் உடனே பிடிபட்டுவிடும். பழைய கதைதான். ஹான் பேரரசனின் தூதன் மலை மலையாக ஏறி இறங்கி யெலாங் என்கிற குட்டி ராஜ்ஜியத்துக்கு வந்து சேர்ந்தானாம். யெலாங் ராஜா அவனை உட்கார வைத்து, “உங்க ஹான் தேசம் பெருசா, என் தேசம் பெருசா?” என்று கேட்டானாம். அவன் தேசம் ஹானின் ஒரு மாவட்டத்துக்குக்கூட ஈடாகாது. அன்றைக்குப் பிடித்து சீன தேசம் முழுக்க நாலே எழுத்தில் ஒரு வசை ஓடுகிறது: ‘யெலாங் தன்னைப் பெரிசென்று நினைத்ததாம்.’ குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறவன் எவனாக இருந்தாலும் இந்த நாலு எழுத்தும் அவன் தலையில் விழும். வகுப்பில் முதலாவதாக வந்துவிட்டுத் துள்ளுகிற பிள்ளைக்கு வாத்தியார் இதைச் சொல்வார். இரண்டு கடை வைத்துவிட்டு மீசை முறுக்குகிறவனுக்குப் பங்காளிகள் சொல்வார்கள். இந்தக் குய்சோ மாகாணத்து மலைக்காரன் வெளியூர் போய் வாயைத் திறந்தால், காரணமே வேண்டாம், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். யெலாங் இருந்தது இந்த மலைகளுக்குள்தானே.

இதில் வேடிக்கை, அந்த யெலாங் இருந்த இடம் தங்கள் ஊர்தான் என்று இந்தப் பக்கத்தில் நாலைந்து ஊர்கள் சண்டை போட்டுக்கொள்கின்றன. வசையாக இருந்தாலும் பேர் பேர்தானே. பாதாங்காரர்கள் அந்தச் சண்டைக்குப் போகவில்லை. அவர்களிடம் ராஜாவே இருக்கிறார். நிலையத்து வாசலில் வெய்யின் வேன் வந்து நின்றால், “வழி விடுங்கப்பா, யெலாங் ராஜா வந்தாச்சு” என்று மற்ற ஓட்டுநர்கள் கூவுவார்கள்.

அதிகமாகக் கூவுகிறவர் தாங் என்கிறவர். பக்கத்து மாகாணமான யுன்னானில் பிறந்து, இங்கே பெண் எடுத்து, இங்கேயே வேன் ஓட்டுகிறவர். அவர் வாய்க்கும் வெய்யிடம் மருந்து உண்டு.

“அந்தக் கேள்வியை முதல்ல கேட்டது உங்க யுன்னான் ராஜாடா. தூதன் முதல்ல அங்கதான் போனான். அவன் கேட்டான், அப்புறம்தான் எங்காளு கேட்டான். பழி மட்டும் எங்களுக்கு.”

“எங்க ராஜா ஒரு தடவை கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டான் அண்ணே. உங்களை மாதிரி இன்னிக்கு வரைக்கும் ரயிலடியில நின்னு கேட்டுக்கிட்டிருக்கலை.”

“எங்காளுக்கு யாரும் வராத ஊரு. வந்தவன்கிட்ட கேட்டுத்தானே தெரிஞ்சுக்கணும்? தெரியாதவன் கேட்டா அது கர்வமாடா? அந்தத் தூதன்கூட இவனைப் பாக்கவா வந்தான்? வேற எங்கயோ போறதுக்கு வழி கேட்டு வந்தவன்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது வெய்யின் குரல் கொஞ்சம் இறங்கும். தாங் அதைக் கவனித்ததில்லை. அடுத்த ரயில் வந்துவிடும்.

பாதையின் பாதியில், பெரிய வளைவில், மண் சாமியின் சின்னக் கல் மாடம் இருக்கிறது. முழங்கால் உயரம்தான். உள்ளே தாத்தா சாமியும் பாட்டிச் சாமியும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், குளிருக்கு ஒட்டிக்கொண்டது போல. அந்த இடத்தில் வெய் வேனை நிறுத்தாமல் போனதில்லை. கண்ணாடியை இறக்கி, இரண்டு கையும் கூப்பி, ஏறியிருப்பவர்களை ஒவ்வொருவராகச் சாமியிடம் சொல்வார். “இவங்க கடற்கரை ஊர்க்காரங்க, மலை பழக்கமில்லை. இந்தம்மா வாயும் வயிறுமா இருக்காங்க. இந்தத் தம்பி போனையே பாத்துக்கிட்டிருக்கான், அவனையும் பத்திரமா இறக்கிவிடு.” போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்ப்பான். எல்லாரும் சிரிப்பார்கள். வெய் சிரிப்பதில்லை. சாமியிடம் சொன்னது சொன்னதுதான்.

வேனுக்குள் முன்பக்கக் கண்ணாடியின் கீழே ஒரு சின்ன மண் கோப்பை கவிழ்ந்து கிடக்கிறது. சாராயம் குடிக்கிற கோப்பை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆட்டத்தில் விழாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒட்டுகிற பட்டையால் ஒட்டியிருக்கிறது. அதை மணி என்று நினைத்தவர்கள் உண்டு. ஏதோ சாமி சமாசாரம் என்று கும்பிட்டவர்களும் உண்டு. வாட்டர் பாட்டில் மூடியைப் போட்டு வைக்கப் பயணி ஒருவர் பட்டையைப் பிய்த்து அதை நிமிர்த்தப் போனார். “அதைத் தொடாதீங்க” என்று வெய் சொன்ன சொல்லில் அந்த மனிதர் ஊர் வரும் வரை கையை மடியிலேயே வைத்திருந்தார்.

வாய் ஓயாத இந்த மனிதர் போனில் பேசும்போதுதான் பார்க்க வேண்டும். மகள் யுன்ஷியா மாதத்தில் இரண்டு தடவை கூப்பிடுவாள். ஹெனான் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். ஆலையில் வேலை, புருஷனுக்கு லாரி. மகளின் பேர் திரையில் தெரிந்ததும் வெய் வேனை ஓரம் கட்டுவார். தோள் இரண்டும் உள்ளே ஒடுங்கும். வேறு யாரோ பேசுகிறது போலக் குரல் வரும்.

“நல்லாருக்கியாம்மா? இங்க என்ன இருக்கு, ஒண்ணுமில்லை. மழை. சின்ன ஊரு, புதுசா என்ன வரப்போகுது. நீ அலையாதே. அந்தப் பக்கம்தான் வசதி. நீ அங்க நல்லா இரு, அதுபோதும்.”

எதிர்முனையில் “சரிப்பா” என்பாள் யுன்ஷியா. அவ்வளவுதான். வெய் போனைச் சட்டைப்பையில் வைத்து, பித்தானையும் போட்டுக்கொள்வார், அது எங்கேயோ ஓடிவிடும் என்பது போல.

“ஊர்ல இருக்கறவன்கிட்டயெல்லாம் மார் தட்டறீங்க, பெத்த பொண்ணுகிட்ட மட்டும் பிச்சைக்காரன் மாதிரி பேசறீங்களே” என்பாள் மனைவி ஷியாங்யிங். அவர் சட்டைப்பைப் பித்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார். அவளும் இரண்டாம் தடவை கேட்பதில்லை. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும் பன்றித் துண்டுகளில் ஒன்றை மட்டும் எந்த விருந்தாளி வந்தாலும் அவள் வெட்டுவதில்லை. யாருக்காக என்று அவரும் கேட்பதில்லை. வருஷம் முடிந்தால் அதை இறக்கி, புதுசு ஒன்றை அங்கே மாட்டுவாள். இருவரும் அப்படித்தான் காத்திருக்கிறார்கள்.

கோப்பை கவிழ்ந்தது யுன்ஷியாவின் கல்யாணத்தில்.

பாதாங் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுக்கிற தகப்பன் கல்யாண விருந்தில் எழுந்து நின்று பெருமை பேச வேண்டும். கொஞ்சமாக அல்ல, வாய் கிழியப் பேச வேண்டும். எங்கள் வீட்டுத் தூணைக் கட்டிப்பிடிக்க நாலு ஆள் வேண்டும், எங்கள் வீட்டுக் கோழி கூவினால்தான் சூரியன் எழும் என்று அடுக்க வேண்டும். எல்லாம் பொய்யென்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொய்க்குள் ஒரு நிஜம் இருக்கிறது: என் மகளுக்குப் பின்னால் ஒரு வீடு நிற்கிறது, அவள் திரும்பி வந்தால் கதவு திறக்கும். இதைத்தான் பிள்ளை வீட்டார் காதில் போடுகிறான். கடைசியில், வீட்டிலிருந்து கொண்டுபோன கோப்பையில் சாராயம் ஊற்றி, பிள்ளையின் தகப்பனிடம் நீட்டி, “உங்க வீடு பெருசா, எங்க வீடு பெருசா?” என்று கேட்பான். “உங்க வீடுதான் பெருசு. அதனாலதான் வாசல் தேடி வந்தோம்” என்று சொல்லி அவர் கோப்பையைக் காலி செய்ய வேண்டும். கோப்பை கையில் இல்லாமல் சொன்ன பதில் செல்லாது. பதில் கிடைக்காத கோப்பையைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும்.

ஹெனான் சமவெளியில் வழக்கம் வேறு. அங்கே பெண்ணைப் பெற்றவன் குனிந்து நின்று, “ஒண்ணும் தெரியாத பொண்ணு, நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும்” என்று சொல்ல வேண்டும். இது வெய்க்கு யார் சொல்வார்கள்? கல்யாணம் நடந்த அந்த ஊரில் பார்க்கிற இடமெல்லாம் கோதுமை. ஒரு மேடு கிடையாது. கண் போய் முட்டிக்கொள்ள ஒரு மலை இல்லாத ஊரில் மகளை விட்டுவிட்டுப் போகிறோமே என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால் வழக்கத்தைவிட அதிகமாகவே பேசிவிட்டார். “உங்க ஊர் முழுசையும் சுருட்டினா எங்க மலையோட நிழலுக்குக் காணாது” என்றார். கோப்பையை நீட்டி, கேள்வியையும் கேட்டார்.

பந்தலில் சத்தம் நின்றுபோனது. சம்பந்தி ஹாவ் நல்ல மனிதர்தான். ஆனால் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கோப்பையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது மூன்றாவது மேசையிலிருந்து யாரோ ஒருவர் அந்த நாலு எழுத்தைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். பந்தல் முழுக்கச் சிரித்தது.

நீட்டிய கையை எப்படி மடக்குவது? வெய் நின்றுகொண்டே இருந்தார். மணப்பெண் உடையில் இருந்த யுன்ஷியா தலையைக் குனிந்துகொண்டு, “அப்பா, போதும். உட்காருங்க” என்றாள்.

உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது ரயில் முழுக்க அந்தக் கோப்பை துண்டில் சுற்றி அவர் மடியில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஷியாங்யிங், “அவங்க வழக்கம் அது, நம்ம வழக்கம் இது. அதுக்குப் பொண்ணு என்ன பண்ணுவா?” என்று மட்டும் சொன்னாள். வெய்க்கு அது கேட்கவே இல்லை. அவருக்குக் கேட்டதெல்லாம் “உட்காருங்க” என்கிற ஒரு சொல். மகளை நாலு பேர் நடுவில் தலைகுனிய வைத்தாயிற்று. இனி அவளிடம் வாய் திறந்து பெருமை பேசுவதில்லை என்று மண் சாமி முன்னால் சத்தியம் செய்துகொண்டார். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். மகளிடம் ஊரைச் சின்னதாக்கிச் சின்னதாக்கிப் பேசினார். வெளியூர்க்காரர்களிடம் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான். ஊரில் எல்லாரும் அதைப் பயணிகளைச் சிரிக்க வைக்கிற தந்திரம் என்று நினைத்தார்கள். ஷியாங்யிங்குக்கு மட்டும் தெரியும். எங்கேயோ கேட்டுக் கிடைக்காத ஒரு பதிலை இந்த மனிதர் ஊர் உலகத்திடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

புதுவருஷத்தின் இரண்டாம் நாள், கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருகிற நாள். அன்றைக்கு நிலையத்து வாசலில் நிற்க இடம் இருக்காது. சிவப்பு மேலங்கி போட்ட மகள்கள், கை நிறையப் பரிசுப் பெட்டி, பின்னால் அசடு வழிய மருமகன்கள். யுன்ஷியா அந்தக் கூட்டத்தில் ஒரு வருஷமும் வந்ததில்லை. முதல் வருஷம் ஆலையில் விடுமுறை இல்லை என்றாள். அடுத்த வருஷம் வாயும் வயிறுமாக இருந்தாள். பிறகு குழந்தைக்குக் காய்ச்சல். பிறகு டிக்கெட் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு காரணம் சொல்வதை நிறுத்திவிட்டாள், அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார். ஆனாலும் இரண்டாம் நாளில் வெய்யின் வேன்தான் நிலையத்துக்கு முதலில் வரும், கடைசியில் போகும். வெளியே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பார். பார்க்காதது போலப் பல்லைக் குத்திக்கொண்டு நிற்பார்.

“ராஜா, யாரைத் தேடறீங்க? ஹான் தூதனையா?” என்றார் தாங் இந்த வருஷம்.

“உன் மாமியாரை” என்றார் வெய்.

காலை ரயிலில் வந்த கூட்டத்தில் இளம்பெண் ஒருத்தி வேனில் ஏறினாள். யுன்ஷியா வயதுதான் இருக்கும். காய்ந்த பேரீச்சை மூட்டை ஒன்று, வடக்கத்திப் பேச்சு, காது மறைக்கும் தொப்பி. தனியாக வந்திருந்தாள். மற்ற பயணிகள் உள்ளூர்க்காரர்கள், ஏறின உடனே தூங்கப் போய்விட்டார்கள். அவள் முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்துவதற்குள் பழக்கதோஷத்தில் வாய் கேட்டுவிட்டது.

“உங்க ஊர் பெருசா, எங்க ஊர் பெருசா?”

அவள் யோசிக்கவே இல்லை. இரண்டு உள்ளங்கையையும் கோப்பை ஏந்துவது போலச் சேர்த்து, “உங்க வீடுதான் பெருசு. அதனாலதான் வாசல் தேடி வந்தோம்” என்றாள். பேச்சு வடக்கத்திப் பேச்சில்லை. மலைப் பேச்சு.

வெய்க்குக் கியர் விழவில்லை. வேன் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னால் தூங்கினவர்கள் முனகினார்கள்.

“நீ எந்தப் பக்கம்மா?”

“மேல் பள்ளத்தாக்கு மாமா. பான் வீட்டுப் பொண்ணு. ஷாண்டோங்ல கட்டிக் கொடுத்தாங்க. பேச்சு அந்தப் பக்கமா மாறிப்போச்சு, அதான் நீங்க தூதன்னு நினைச்சிட்டீங்க.”

சிரித்தாள். வெய் வண்டியை எடுத்தார்.

“அந்தப் பதிலைக் கேட்டு ரொம்ப நாளாச்சு.”

“எங்கப்பா இன்னிக்கும் போன் பண்ணா முதல்ல இதைத்தான் கேப்பாரு. நான் வேணும்னே ஸ்பீக்கர்ல போடுவேன், மாமியார் காதுல விழட்டும்னு. அந்தம்மா ‘உங்கப்பனுக்கு மலை தலைக்கு ஏறிக்கிச்சு’ன்னு அந்த நாலு எழுத்தையும் சொல்லித் திட்டிட்டுப் போகும். திட்டினா திட்டட்டுமே.”

“கஷ்டமா இல்லையா உனக்கு? நாலு பேர் முன்னால...”

“முதல்ல வெக்கமாத்தான் இருந்தது. கல்யாணத்தன்னிக்கு எழுந்து ஓடிடலாம் போல இருந்துச்சு.” அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “போன வருஷம் அப்பாவுக்கு உடம்பு முடியலை மாமா. போன்ல, ‘இங்க என்னம்மா இருக்கு, நீ அலையாதே, அங்கயே நல்லா இரு’ன்னாரு. அவ்வளவுதான். அன்னிக்கு அழுதேன் பாருங்க, அந்த அழுகை கல்யாணத்தன்னிக்குக்கூட அழலை. மூஞ்சியில கதவைச் சாத்தின மாதிரி. இவரு வீட்டைப் பத்தி இவரே பெருமை பேசலைன்னா, நான் எந்த வீட்டுக்குன்னு வர்றது? வராதேன்னுதானே அர்த்தம்?”

வெய் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப எப்படி இருக்காரு?”

“இப்பவா? போன மாசம் கூப்பிட்டு, எங்க வீட்டுப் பன்னி உங்க ஊர் ரயில்பெட்டி நீளம், வந்து அளந்து பாத்துக்கோன்னாரு. சரி, கெழவன் பொழைச்சிட்டான்னு டிக்கெட் எடுத்துட்டேன்.” மறுபடி சிரித்தாள். சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் கோப்பை அவள் கண்ணில் பட்டது. அந்தப் பள்ளத்தாக்குப் பெண்ணுக்கு அது மணியாகவும் தெரியாது, சாமியாகவும் தெரியாது. கையை நீட்டப்போனவள் மடக்கிக்கொண்டாள்.

பெரிய வளைவில் வேன் நின்றது. வெய் கை கூப்பினார். தூங்குகிறவர்களைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டார். “இந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகுது” என்று மட்டும் சொன்னார்.

மேல் பள்ளத்தாக்கில் பான் வீட்டு வாசலில் ஒரு மெலிந்த மனிதர் கோலூன்றி நின்றிருந்தார். வேன் நிற்பதற்குள்ளேயே, “யாரு அது? கால் வெக்கறதுக்கு முன்னால சொல்லு, உங்க வீடு பெருசா, எங்க வீடு பெருசா?” என்று கத்தினார். பெண் பேரீச்சை மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். மூட்டையை வெய்தான் இறக்கி வாசலில் வைத்தார். “ஒரு கோப்பை குடிச்சுட்டுப் போங்க” என்றார் அந்த மனிதர். “வண்டி ஓட்டணும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார் வெய்.

மற்றவர்களை ஊரில் இறக்கிவிட்ட பின் நிலையத்துக்குப் போகவேண்டிய வேன் பெரிய வளைவிலேயே நின்றது. மண் சாமி மாடத்துக்கு முன்னால் யாரோ புதுவருஷத்துக்கு வைத்த ஆரஞ்சுப் பழங்கள் இருந்தன. வெய் சட்டைப்பையின் பித்தானைக் கழற்றினார். சாமியைப் பார்த்து, “சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கறேன். கோவிச்சுக்காதீங்க” என்றார். யுன்ஷியாவை அவராகக் கூப்பிட்டதே கிடையாது. வேலை நேரமாக இருக்கும், மாமியார் பக்கத்தில் இருப்பாள் என்று எப்போதும் ஒரு தயக்கம். இன்றைக்குக் கூப்பிட்டார். முகம் தெரிகிற அழைப்பு. மணி வெகுநேரம் அடித்தது.

திரையில் யுன்ஷியா வந்தாள். பின்னால் சாப்பாட்டு மேசை, ஆட்கள், பேச்சுச் சத்தம்.

“என்னப்பா? அம்மாவுக்கு என்ன?”

“அம்மா நல்லாருக்கா.” வேனில் எந்த அந்நியனிடமும் தடுமாறாத கேள்வி நாக்கில் ஒட்டிக்கொண்டது. “யுன்ஷியா. உங்க... உங்க வீடு பெருசா, எங்க வீடு பெருசா?”

அவள் முகம் அசையவில்லை. திரை நின்றுபோய்விட்டதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. பின்னால் யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போவது தெரிந்தது, திரை நிற்கவில்லை.

நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று வெய் பேச ஆரம்பித்தார். “நம்ம மலை இந்த வருஷம் இன்னும் வளந்திருக்கு. நீயே பாரு.” போனைக் கையோடு ஜன்னலுக்கு வெளியே நீட்டி மலைப் பக்கம் திருப்பினார். “மேகம் மோதித் தலையில அடிபட்டுக்கிட்டுப் போகுது பாரு. உங்கம்மா தொங்க விட்டிருக்கற கறித்துண்டு உத்தரத்தையே வளைச்சிருச்சு. மூணாம் மாசத் திருவிழாவுக்குப் பூவும் இலையும் சாயம் போட்டு அஞ்சு நிறச் சோறு வடிச்சா, அந்த ஆவியில பெய்ஜிங்ல இருக்கறவனுக்குப் பசிக்கும். நம்ம வீட்டுக் கதவு இருக்கே, அது...”

அதற்கு மேல் பொய் வரவில்லை. போனைத் தன் பக்கம் திருப்பினார். யுன்ஷியா மேசையிலிருந்து எழுந்து எங்கேயோ வந்திருந்தாள். பின்னால் வெறும் சுவர் தெரிந்தது. கண்ணீர் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

“ஊர்ல எல்லார்கிட்டயும் கேக்கறீங்களாமே. அம்மா சொன்னாங்க. இத்தனை வருஷமா என்கிட்ட மட்டும் கேக்கலையேப்பா.”

“நீதானேம்மா உட்காரச் சொன்னே.”

“எழுந்திருக்கவே வேண்டாம்னா சொன்னேன்?”

மேலே ஏறிவந்த வேன் ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டு கடந்து போனது. தாங்கின் வேன். “என்ன ராஜா, நடு ரோட்டுல தர்பாரா?” என்று குரல் வந்தது. அது யுன்ஷியா காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

“அங்கயும் உங்களுக்கு அதே பேர்தானா?” என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தப் பந்தலில் சொன்ன அதே நாலு எழுத்தை அவளும் சொன்னாள். குழந்தையைக் கொஞ்சுகிறபோது திருட்டுப்பயலே என்று சொல்வோமே, அந்தக் குரலில் சொன்னாள்.

“பதில் சொல்லலையேம்மா நீ.”

“போன்ல எப்படிப்பா சொல்றது? கோப்பை கையில இல்லாம சொன்னா செல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க.” உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “மூணாம் மாசம்... அஞ்சு நிறச் சோத்துக்கு மஞ்சள் பூ கெடைச்சிருமா?”

“மலை முழுக்க அதான்” என்றார் வெய்.

“சரிப்பா” என்றாள் யுன்ஷியா. இத்தனை வருஷமாகச் சொன்ன அதே சரிப்பாதான்.

திரை அணைந்தது. வெய் குனிந்து, கோப்பையின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து, இறுகிப்போயிருந்த பட்டையை மெல்ல மெல்லப் பிய்த்தார். இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு வட்டம் தெரிந்தது. சட்டை நுனியால் உள்ளேயும் வெளியேயும் துடைத்து, அந்த வட்டத்தின் மேலேயே கோப்பையை நிமிர்த்தி வைத்தார். வேன் நகர்ந்ததும் அது ஆடியது. பட்டையைத் தேடவில்லை. ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்கள் ஒலி எழுப்ப எழுப்ப, நிலையம் வரைக்கும் நத்தை போல ஓட்டிக்கொண்டு போனார்.